இரண்டு கிராமங்களும் பெரியப்பாவின் பென்ஷனும்

பிரான்சின் தென்மேற்கில் மதேர் என்று ஒரு கிராமம். மக்கள்தொகை 534. வேலை செய்கிறவர்கள் 279 பேர். அவர்களில் 208 பேருக்கு விவசாயம்தான் பிழைப்பு. ஊர் முழுவதற்கும் டிராக்டர் இரண்டு. கார் ஐந்து, ஃபிரிட்ஜ் ஐந்து, டெலிபோன் ஐந்து. வாஷிங் மெஷின் ஒன்றுகூடக் கிடையாது. உள்ளேயே கழிப்பறை வைத்த வீடுகள் பத்து. குடும்பச் செலவில் முக்கால் பங்கு சாப்பாட்டுக்கே போய்விடும். அந்தச் சாப்பாட்டிலும் பாதி ரொட்டியும் உருளைக்கிழங்கும். கறிக்கடைக்குப் போவது வாரத்துக்கு ஒரு முறை. ஒரு கிலோ வெண்ணெய் வாங்க ஒரு சாதாரணத் தொழிலாளி ஏழு மணி நேரம் உழைக்க வேண்டும் என்பதால் அதை யாரும் வாங்குவதில்லை.

செசாக் என்று இன்னொரு கிராமம். அதே வட்டாரம், அதே மண், அதே வெயில். மக்கள்தொகை 670. வேலை செய்கிறவர்கள் 215 பேர்தான், அதில் விவசாயிகள் 53. கடை, அலுவலகம், பள்ளிக்கூடம், வங்கி என்று உட்கார்ந்தும் நின்றும் வேலை பார்க்கிறவர்கள் 102. டிராக்டர் 40. கார் 280, ஃபிரிட்ஜ் 210, வாஷிங் மெஷின் 180, டெலிபோன் 110. உள்ளே கழிப்பறை உள்ள வீடுகள் 150.

ஒன்று பின்தங்கிய ஊர், இன்னொன்று முன்னேறிய ஊர் என்று வாசகர் முடிவுகட்டிய பிறகு ஆசிரியர் முடிச்சை அவிழ்க்கிறார். மதேரும் செசாக்கும் ஒரே ஊர். அதன் உண்மையான பெயர் துவெல். முதல் கணக்கு 1946-ஆம் ஆண்டுக்கு உரியது, இரண்டாவது 1975-க்கு. நடுவில் 29 வருடங்கள்தான்.

ழான் ஃபூராஸ்தியே 1979-இல் எழுதிய ‘லே த்ராந்த் குளோரியூஸ்’ என்ற புத்தகம் இப்படித்தான் தொடங்குகிறது. ‘புகழ்மிக்க முப்பது’ என்று தமிழில் சொல்லலாம். 1830 ஜூலை 27, 28, 29 ஆகிய மூன்று நாட்களில் பாரிஸ் மக்கள் பத்தாம் சார்லஸ் மன்னனை விரட்டினார்கள். அதை ‘புகழ்மிக்க மூன்று’ என்பார்கள். எங்கள் தலைமுறையில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு அந்தத் தேதிகள் இன்னும் மறந்திருக்காது. மூன்று நாள் தெருச்சண்டைக்கு அவ்வளவு புகழ் என்றால், ஒரு நாட்டின் வாழ்க்கையையே புரட்டிப்போட்ட முப்பது வருடங்களுக்கு என்ன பெயர் வைப்பது என்பது ஃபூராஸ்தியேயின் கேள்வி. புத்தகத்தின் துணைத் தலைப்பில் அவர் வைத்த சொல் ‘கண்ணுக்குத் தெரியாத புரட்சி’. துவெல் அவருடைய சொந்தக் குடும்பத்து ஊர். அதனால்தான் ஃபிரிட்ஜ் கணக்குவரை அவருக்குக் கை வந்தது.

நான் அந்தப் புத்தகத்தை ரோமென் ரோலன் நூலகத்தில் எடுத்துப் படித்தது ஓய்வு பெற்ற பிறகுதான். “லோத் மாவட்டம், தலைநகர் காஓர்” என்று சிறு வயதில் ஒப்பித்தவன் நான். துவெல், காஓருக்குக் கொஞ்சம் கீழே, அதே லோத் ஆற்றங்கரையில் இருக்கிறது. மனப்பாடம் செய்த பெயருக்குள் ஐந்து ஃபிரிட்ஜும் பத்துக் கழிப்பறையும் இருந்தன என்பதை எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை. 1950-களில் பிரெஞ்சுக்காரர்கள் என்றால் பணக்காரர்கள் என்று புதுச்சேரியில் நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். இங்கே வந்த அதிகாரிகள் வெள்ளை நகரத்தில் வாழ்ந்த விதம் அப்படி. அதே அதிகாரியின் சொந்த ஊரில் அவருடைய அம்மா வெளிக் கழிப்பறைக்குப் போய்க்கொண்டிருந்திருப்பார். போர் முடிந்த பிறகும் பிரான்சில் ரொட்டிக்கு ரேஷன் இருந்தது, 1949 வரை.

இதில் எனக்கு இவ்வளவு அக்கறை வந்ததற்குக் காரணம் எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறது.

1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதி புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. ஒப்பந்தத்தின்படி இங்கே பிறந்து இங்கே வசித்த பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியக் குடிமக்கள் ஆவார்கள். பிரெஞ்சுக் குடியுரிமைதான் வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். பெரியப்பா இந்தோசீனாவில் போரிட்டுவிட்டு வந்த சொல்தா. அவர் எழுதிக் கொடுத்தார். அப்பா எழுத்தர். அவர் கொடுக்கவில்லை. அம்மாவின் வீட்டார் எல்லோரும் வில்லியனூர்ப் பக்கம், நிலமும் கொஞ்சம் இருந்தது, புது அரசாங்கத்திலும் வேலை தொடர்ந்தது. ஒரே தெருவில், ஒரே சுவரை நடுவில் வைத்துக்கொண்டு, ஒரு வீடு பிரான்சு, ஒரு வீடு இந்தியா என்று ஆனது.

1963-இல் இரண்டு வீட்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பெரியப்பாவுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்த பென்ஷனை மாதக் கணக்காகப் பிரித்தால், அப்பாவின் சம்பளத்துக்குச் சற்று முன்னே பின்னே இருக்கும். 1975-இல் அது அப்பாவின் சம்பளத்தைப் போல் இரண்டு மடங்கு. இத்தனைக்கும் அப்பா காலை பத்து மணிக்கு அலுவலகம் போகிறவர், பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து பெத்தாங்க் ஆட்டத்துக்கு ஆள் சேர்க்கிறவர்.

இதில் ரூபாயின் பங்கும் உண்டு. 1966 ஜூன் மாதம் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டு டாலருக்கு 4.76 என்றிருந்தது 7.50 ஆயிற்று. பிராங்கில் வருகிற பணத்துக்கு அன்றிலிருந்து அதிக ரூபாய் கிடைத்தது. ஆனால் அது ஒரு முறை ஏறிய ஏற்றம். வருடா வருடம் ஏறியதற்குக் காரணம் வேறு. பிரான்சில் 1948 செப்டம்பரில் வந்த ஒரு சட்டப்படி, பணியில் இருப்பவர்களின் சம்பளம் உயர்ந்தால் அதே தரத்தில் ஓய்வு பெற்றவர்களின் பென்ஷனும் கூடவே உயரும். நம் ராணுவத்தார் பல வருடம் போராடிப் பெற்றார்களே, ‘ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்’, கிட்டத்தட்ட அது. ஆகவே பிரெஞ்சுக்காரர்களின் வருமானம் வளர வளர, இந்த ஊர்த் திண்ணையில் உட்கார்ந்திருந்தவருக்கும் அது வந்து சேர்ந்தது.

எவ்வளவு வளர்ந்தது? 1950-இலிருந்து 1973 வரை பிரான்சில் தலைக்கு வருமானம், விலைவாசியைக் கழித்துவிட்டுப் பார்த்தால், வருடத்துக்குச் சுமார் 4 சதவீதம் வளர்ந்தது. அதே 23 வருடங்களில் இந்தியாவில் சுமார் 1.4 சதவீதம். இரண்டுக்கும் நடுவே இரண்டரை சதவீதம், இதற்கா இவ்வளவு பேச்சு என்று தோன்றும். வட்டிக்கு வட்டி போட்டுப் பாருங்கள். 4 சதவீதத்தில் 23 வருடத்தில் நூறு ரூபாய் 246 ஆகும். 1.4 சதவீதத்தில் 138 ஆகும். எழுபதை வளர்ச்சி விகிதத்தால் வகுத்தால் இரட்டிப்பாக எத்தனை வருடம் என்று தெரிந்துவிடும். பிரான்சுக்குப் பதினேழரை, நமக்கு ஐம்பது. அங்கே மகன் தலையெடுப்பதற்குள் வருமானம் இரட்டிப்பு. இங்கே பேரன் வரவேண்டும்.

நம் நாட்டை மட்டம் தட்டுவதற்காக இதை எழுதவில்லை. மொத்த வருமானம் இந்தியாவில் ஆண்டுக்கு மூன்றரை சதவீதம் வளர்ந்தது. மக்கள்தொகைப் பெருக்கம் இரண்டு சதவீதத்துக்கு மேல். கழித்தால் மிச்சம் அதுதான். வெள்ளைக்காரன் ஆண்ட கடைசி ஐம்பது வருடங்களில் தலைக்கு வளர்ச்சி ஏறக்குறைய பூஜ்யம். பூஜ்யத்திலிருந்து 1.4 என்பதும் ஒரு தாண்டல்தான். ஆனாலும் பக்கத்து வீட்டோடு ஒப்பிடாமல் இருக்க மனித மனத்துக்கு முடியுமா?

பொருளாதாரக்காரர்கள் முதலில் சொன்ன பதில் முதலீடு. அதிகம் சேமி, அதிகம் இயந்திரம் வை, வளர்ச்சி தானாக வரும். நம் இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம், 1956-இல் மகலனோபிஸ் வகுத்தது, அந்த நம்பிக்கையில் கட்டியதுதான். பிலாய், ரூர்கேலா, துர்காப்பூர் எல்லாம் அப்படி வந்தவை. பிரான்சிலும் திட்டக் கமிஷன் இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1946-இல் ழான் மோனே தலைமையில் அமைந்தது. நிலக்கரி, மின்சாரம், எஃகு, சிமெண்ட், விவசாய இயந்திரங்கள், போக்குவரத்து என்று ஆறு துறைகளைப் பிடித்துக்கொண்டு அவற்றுக்கே முதல் பணம் என்றார்கள். ஃபூராஸ்தியேயும் அந்தக் கமிஷனில் வேலை செய்தவர். ஆக, அங்கேயும் திட்டம், இங்கேயும் திட்டம். அங்கேயும் எஃகு, இங்கேயும் எஃகு. ஒன்று நான்காக வளர்ந்தது, இன்னொன்று ஒன்றரையைத் தொடவில்லை. முதலீடு மட்டும் பதில் என்றால் இந்தக் கணக்கு இடிக்கிறது.

1956-இலும் 1957-இலும் ராபர்ட் சோலோ என்ற அமெரிக்கர் எழுதிய இரண்டு கட்டுரைகள் இதைத் தெளிவாக்கின. அதற்காகவே 1987-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் சொன்னதை அலுவலக மொழியில் சொல்கிறேன். கையால் நகல் எழுதும் ஓர் எழுத்தரிடம் ஒரு டைப்ரைட்டர் கொடுத்தால் வேலை மூன்று மடங்கு நடக்கும். இரண்டாவது டைப்ரைட்டரையும் அதே மேஜையில் வைத்தால்? ஒன்று ரிப்பேரானால் உதவும். மூன்றாவது தூசி படியும். இயந்திரத்தைக் கூட்டிக்கொண்டே போவதால் கிடைக்கும் ஆதாயம் குறைந்துகொண்டே வந்து ஓரிடத்தில் நின்றுவிடும். பிறகும் ஒரு நாடு வளர்கிறது என்றால் டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்திருக்க வேண்டும், அதாவது செய்யும் முறையே மாறியிருக்க வேண்டும். சம்பளப் பிரிவில் நான் சேர்ந்தபோது ஃபாசிட் இயந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி வாரம் முழுவதும் போட்ட பில்லை, ஓய்வு பெறும்போது ஒரு பெண் பிள்ளை மத்தியானத்துக்குள் முடித்துவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தாள். அவள் என்னைவிடக் கெட்டிக்காரி என்பது உண்மையானாலும் வித்தியாசம் முழுவதும் அதனால் வந்ததல்ல.

1909-இலிருந்து 1949 வரை அமெரிக்காவில் ஒரு மணி நேர உழைப்பின் விளைவு இரட்டிப்பானது. அதில் எட்டில் ஒரு பங்குக்குத்தான் இயந்திரங்கள் பெருகியது காரணம், மீதி எட்டில் ஏழு பங்கு செய்முறையின் முன்னேற்றம் என்று சோலோ கணக்கிட்டார். அந்த ஏழு பங்குக்கு உள்ளே என்னென்ன இருக்கிறது என்பதை அவருடைய கணக்கு சொல்லாது. மோசஸ் அப்ரமோவிட்ஸ் என்பவர் இந்த மிச்சத்தை நம் அறியாமையின் அளவு என்றே குறிப்பிட்டார். கணக்கில் பேலன்ஸ் இடித்தால் ‘சஸ்பென்ஸ்’ தலைப்பில் தள்ளுவோமே, அதே வேலை. ஆனால் இங்கே மொத்தத் தொகையில் பெரும்பகுதி சஸ்பென்ஸில் நிற்கிறது. எந்த ஆடிட்டர் ஒப்புவார்?

பிரான்சுக்கு அந்த ஆடிட்டை 1972-இல் காரே, துய்புவா, மாலன்வோ என்ற மூன்று பேர் செய்தார்கள். ஆண்டுக்குச் சுமார் 5 சதவீத மொத்த வளர்ச்சியில் பாதியளவு, உழைப்பு, முதலீடு எதிலும் அடங்காமல் மிஞ்சியது. உழைப்பு, முதலீட்டுக் கணக்கிலும் அவர்கள் இரண்டு விஷயங்களுக்குத் தனியிடம் கொடுத்தார்கள். ஒன்று, நிலத்தை விட்டுத் தொழிற்சாலைக்கும் கடைக்கும் ஆட்கள் போனது. துவெல்லில் 208 விவசாயி 53 ஆனதைப் பார்த்தோமே, அது. இன்னொன்று படிப்பு.

என் சொந்த அபிப்பிராயம், படிப்பை எல்லோரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள் என்பது. பிரான்சில் கட்டாய, இலவசக் கல்விச் சட்டங்கள் ழூல் ஃபெரி காலத்தில், 1881-லும் 1882-லும் வந்தவை. 1946-இல் ஏழையாக இருந்த துவெல் விவசாயி எழுதப் படிக்கத் தெரிந்த ஏழை. புதிய கலப்பின மக்காச்சோள விதை அமெரிக்காவிலிருந்து வந்தபோது அதன் துண்டுப் பிரசுரத்தை அவரால் படிக்க முடிந்தது. டிராக்டர் கம்பெனி கொடுத்த கையேட்டையும், கூட்டுறவு வங்கியின் கடன் விண்ணப்பத்தையும் படிக்க முடிந்தது. மகன் கிராமத்தை விட்டுத் துலூசுக்குப் போனால் அங்கே ஒரு பயிற்சிப் பள்ளியில் சேர முடிந்தது. முப்பது வருடப் புகழுக்குப் பின்னால் அறுபத்தைந்து வருடப் பள்ளிக்கூடம் இருந்தது. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவின் எழுத்தறிவு 18.33 சதவீதம். நூற்றுக்கு எண்பத்திரண்டு பேருக்குத் துண்டுப் பிரசுரம் வெறும் காகிதம். பிலாயில் உலை மூட்டலாம், ஆனால் அந்த எஃகில் செய்த பம்புசெட்டின் மேல் எழுதியிருப்பதைப் படிக்க ஆள் வேண்டும்.

இன்னொரு வசதியும் பிரான்சுக்கு இருந்தது. எல்லாவற்றையும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. அமெரிக்கா முன்னால் போய்க்கொண்டிருந்தது, பார்த்து எழுதினால் போதும். மார்ஷல் உதவி வந்த காலத்தில் ‘உற்பத்தித்திறன் தூதுக்குழுக்கள்’ என்று ஆயிரக்கணக்கான பிரெஞ்சுக்காரர்களைக் கப்பல் ஏற்றி அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பினார்கள். முதலாளி, பொறியாளர் மட்டுமல்ல, தொழிற்சங்கத்துக்காரர்களும் போனார்கள். திரும்பி வந்து அறிக்கை எழுதினார்கள். 1957-இல் ரோம் ஒப்பந்தம் கையெழுத்தாகிப் பொதுச் சந்தை வந்த பிறகு ஜெர்மன் சரக்கோடு போட்டி போட வேண்டியதாயிற்று, பழைய முறையில் தூங்கிக்கொண்டிருந்த கம்பெனிகள் விழித்தன அல்லது மூடின. நாம் அதே காலத்தில் கதவைச் சாத்திக்கொண்டு லைசென்ஸ் பாரம் அச்சடித்தோம். அந்தப் பாரங்களில் சிலவற்றை நானே மூன்று படிகளில் கார்பன் வைத்து நிரப்பியிருக்கிறேன்.

ஃபூராஸ்தியேயிடம் எனக்கு மிகவும் பிடித்தது அவர் விலையை அளந்த விதம். பிராங்கில் சொன்ன விலை எதையும் அவர் நம்பவில்லை. போர், பணவீக்கம், 1960-இல் நூறு பழைய பிராங்கை ஒரு புதிய பிராங்காக்கியது என்று பணத்தின் உருவம் மாறிக்கொண்டே இருந்தது. அதனால் ஒரு பொருளை வாங்க ஒரு சாதாரணக் கூலியாள் எத்தனை மணி நேரம் உழைக்க வேண்டும் என்று கணக்கிட்டு, அதையே உண்மை விலை என்றார். பதினான்காம் லூயி காலத்தில் ஒரு பெரிய முகம் பார்க்கும் கண்ணாடி, கோபிலேன் நெசவுச் சித்திரத் திரையைவிட விலை அதிகம். ஒரு கூலியாள் பல வருடங்கள் உழைத்தாலும் அதை வாங்க முடியாது. வெர்சாயில் கண்ணாடி மண்டபம் கட்டியது அழகுக்கு மட்டுமல்ல, செல்வத்தைக் காட்டவும்தான். இன்று கண்ணாடி எல்லார் வீட்டுக் குளியலறையிலும் தொங்குகிறது, நெசவுத் திரை அரும்பொருளாகவே இருக்கிறது. கண்ணாடி செய்யும் முறை மாறியது, திரை நெய்யும் கை மாறவில்லை. அவர் அடிக்கடி சொல்லும் இன்னோர் உதாரணம் முடிதிருத்துபவர். எந்த நாடானாலும் ஒரு தலைக்கு ஆகும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான்.

நானும் என் சம்பளத்தை வைத்துப் பார்த்தேன். 1974-இல் மூன்றாவது ஊதியக் குழுவின் 260-400 ஸ்கேலில் சேர்ந்தேன். பஞ்சப்படி எல்லாம் சேர்த்துக் கையில் வந்தது முந்நூற்றுச் சொச்சம். ஒரு சைக்கிள் ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம், தவணையில்தான் வாங்கினேன். முடிவெட்ட ஒரு ரூபாய். இன்று அதே நிலையில் சேரும் பையன் முப்பதாயிரத்துக்குக் குறையாமல் வாங்குகிறான். சாதாரண சைக்கிள் அவனுக்கு ஒரு வாரச் சம்பளம்கூட இல்லை. முடிவெட்ட நூற்றிருபது. அன்று சம்பளத்தில் முந்நூறில் ஒரு பங்கு, இன்று இருநூற்றைம்பதில் ஒரு பங்கு. சைக்கிள் மலிந்தது, கத்திரிக்கோல் அப்படியே நிற்கிறது. ஃபூராஸ்தியே லோத் நதிக்கரையில் கண்டதை நான் நேரு வீதியில் கண்டேன்.

வளர்ச்சி என்பது மனிதர்களுக்கு என்ன செய்கிறது என்று தெரிய வேண்டுமானால், அது நிறுத்தப்பட்டவர்களைப் பார்க்க வேண்டும். 1959 டிசம்பரில் பிரெஞ்சுப் பாராளுமன்றம் நிறைவேற்றிய நிதிச் சட்டத்தில் 71-ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. விடுதலை பெற்ற முன்னாள் காலனி நாடுகளின் குடிமக்களாகிவிட்ட பழைய சிப்பாய்களின் பென்ஷன், அன்றைய தொகையிலேயே நிறுத்தப்படும் என்றது அது. ‘கிரிஸ்தலிசாசியோன்’, படிகமாக உறைய வைத்தல் என்று அழகான பெயர். செனகல்காரர், மொராக்கோக்காரர், அல்ஜீரியர் எல்லோரும் இந்த வலைக்குள் வந்தார்கள். பெரியப்பாவோடு இந்தோசீனாவில் ஒரே சேற்றில் கிடந்தவர்கள்தான். ஒருவருடைய பென்ஷன் பிரான்சின் வளர்ச்சியோடு கட்டப்பட்டிருந்தது, இன்னொருவருடையது 1959-ஓடு. சட்டம் யாருடைய பணத்தையும் பிடுங்கவில்லை, கூட்டவில்லை, அவ்வளவுதான். ஆனால் அடுத்த பதினைந்து வருடங்கள் எப்படிப்பட்டவை என்று மேலே பார்த்தோம். செனகல்காரர் ஒருவர் தொடுத்த வழக்கில் 2001-இல்தான் பிரான்சின் உச்ச நிர்வாக நீதிமன்றம் இது பாரபட்சம் என்றது. 2006-இல் ‘அந்திழேன்’ என்ற திரைப்படம் வந்து ஊரெல்லாம் பேசிய பிறகுதான் போர்வீரர் பென்ஷன்களைச் சமமாக்கினார்கள். அதற்குள் பெரும்பாலோர் இறந்துவிட்டார்கள்.

அந்தக் காலத்தைப் பொற்காலமாக மட்டும் பார்ப்பதற்குப் பிரான்சிலேயே எதிர்ப்பு உண்டு. பாரிசுக்கு வெளியே நாந்தேரில் தகரக் குடிசைகளில் வாழ்ந்த அல்ஜீரியத் தொழிலாளிகளும் அந்த வளர்ச்சியைக் கட்டியவர்கள்தான், அவர்கள் துவெல்லின் ஃபிரிட்ஜ் கணக்கில் வரமாட்டார்கள். முப்பதில் முதல் பதினாறு வருடங்கள், இந்தோசீனாவும் அல்ஜீரியாவுமாகப் போரிலேயே கழிந்தன. தோமா பிக்கெத்தி 2013-இல் வெளியிட்ட பெரிய புத்தகத்தில், அந்த வேகம் போரில் இழந்ததை ஈடுகட்டிய, முன்னால் போனவனை எட்டிப்பிடித்த வேகம், அதையே இயல்பு என்று எண்ணிவிடக் கூடாது என்கிறார். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. 1973-இல் எண்ணெய் விலை ஏறியதோடு ஓட்டம் தளர்ந்தது என்பார்கள். எண்ணெய் ஒரு காரணம். பார்த்து எழுத வேண்டியதை எழுதி முடித்தாகிவிட்டது என்பது அதைவிடப் பெரிய காரணம். அதற்குப் பிறகு சொந்தமாகக் கண்டுபிடித்தால்தான் உண்டு.

அந்தச் சொந்தக் கண்டுபிடிப்பைப் பற்றி எழுதியதற்காகத்தான் 2025-இல் ஜோயல் மோக்கிர், ஃபிலிப் அகியோன், பீட்டர் ஹோவிட் மூவருக்கும் நோபல் கொடுத்தார்கள். அகியோன் பாரிஸ்காரர். புதியது வரும்போது பழையதை அழித்துத்தான் வருகிறது, அந்த அழிவைத் தாங்குவதற்கு ஒரு நாடு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும் என்பது அவரும் ஹோவிட்டும் 1992-இல் கணித வடிவில் சொன்னது. நம் ஊரில் அழிவுப் பகுதிக்கு உதாரணம் தேட வேண்டியதில்லை. 1898-இல் தொடங்கிய ரோடியர் ஆலை, பின்னால் ஏ.எஃப்.டி., 2020-இல் மூடியாயிற்று. அதன் சங்கைக் கேட்டுக் கடிகாரம் திருத்திய வீடுகள் எத்தனை! அழிவுக்குப் பக்கத்தில் ஆக்கத்தின் வரவு எந்தப் பத்தியில் எழுதப்பட்டிருக்கிறது என்று அகியோன் வந்தால் கேட்கலாம்.

பிரான்சு தளர்ந்த அதே சமயத்தில், 1980-க்குப் பிறகு, நம் வேகம் கூடியது. 1991-க்குப் பிறகு இன்னும் கூடியது. பெரியப்பா அதைப் பார்க்கவில்லை, 1988-இல் போய்விட்டார். அவர் இருந்தவரை அப்பாவைச் சீண்டுவதை நிறுத்தியதில்லை.

“ஏன்டா தம்பி, அன்னைக்கு ஒரு கையெழுத்து. போட்டிருக்கலாமில்ல?”

“பிரான்சு இப்படி வளரும்னு அறுபத்திரண்டுல உங்களுக்குத் தெரியுமாண்ணே?”

“எனக்கென்ன தெரியும்? சண்டைக்குப் போனதுக்குக் காசு குடுக்கிறான், விடுவானேன்னு போட்டேன்.”

பெரியப்பாவுக்குப் பிறகு பெரியம்மாவுக்குப் பாதிப் பென்ஷன் வந்தது. வங்கிக்கும் தூதரகத்துக்கும் நான்தான் கூட்டிப் போவேன். வருடா வருடம் உயிரோடு இருக்கிறார் என்ற சான்றிதழை பிரெஞ்சில் நிரப்புவதும் என் வேலை. அதில் வரும் தொகையைப் பார்த்து மனத்துக்குள் என் சம்பளத்தோடு ஒப்பிடும் பழக்கம் இருந்தது. 1990-இல் அந்தப் பாதி, என் முழுச் சம்பளத்தைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 2009-இல் பெரியம்மா காலமானபோது ஆறாவது ஊதியக் குழுவின் நிலுவையெல்லாம் வந்து முடிந்திருந்தது. கடைசி ரசீதையும் என் சம்பளச் சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவருடையது இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய் அதிகம்.